ஐலண்ட் வீட்டுச் சீர்

தோத்தாத்ரிக்கு வாய் சும்மா இருக்காது. அதுவும் வாசல் தூணில் பதித்த பளிங்குப் பலகையை யாராவது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டால் போதும், வந்தவர் தபால்காரராக இருந்தாலும் சரி, தண்ணீர் கேன் போடுகிறவராக இருந்தாலும் சரி, அவர் கதி அதோகதிதான். பலகையில் இங்கிலீஷில் வீட்டின் பெயர் ஐலண்ட் என்று வெட்டியிருக்கும். நடுவில் இருக்கவேண்டிய எஸ் இருக்காது.

"சார், ஒரு எழுத்து விட்டுப்போச்சே?" என்று வந்தவர் கேட்பார். அதற்காகவே காத்திருந்தவர்போல, "விட்டுப்போகலை, விட்டேன்" என்று தோத்தாத்ரி ஆரம்பிப்பார். உள்ளே அடுப்படியில் அவர் மனைவி அபிதகுஜாம்பாள் தலையில் அடித்துக்கொள்வாள். டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுச் சலித்தவள் அவள். ஆனால் இந்த எஸ் கதை தந்த சலிப்பை எந்த டிரங்க் காலும் தந்ததில்லை.

ஐலண்ட் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய அந்த மனை, விற்கப்படும் முன்னால் உள்ளூர்க்காரன் ஜெயவேலுவின் அப்பாவுடைய களத்துமேடு. சுற்றிலும் நெல் வயல். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பி வழிந்தால் களம் மட்டும் தண்ணீருக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு காரணம், அங்கே குடிவந்த இரண்டு பேர். அவர் ஐயங்கார், அவள் திருவண்ணாமலை ஐயர் வீட்டுப் பெண். கிண்டியில் ஒரே பஸ்ஸுக்கு நின்று, ஒரே குடையில் நனைந்து, கடைசியில் யாரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். குறுக்கே இழுத்த விபூதிக் கோடும் நெடுக்கே இழுத்த நாமக் கோடும் சேர்ந்தால் கூட்டல் குறிதானே வரும் என்று தோத்தாத்ரி அடித்த ஜோக்குக்கு இரண்டு வீட்டிலும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு அரங்கம் என்று வைத்திருக்கலாம். ஆற்றுக்கு நடுவே இருக்கிற மேட்டுக்குத் தமிழில் அதுவும் ஒரு பெயர்தான். ஆனால் அரங்கம் என்றால் பெருமாள் பக்கம் சாய்ந்ததாகிவிடும். அருணாசலம் என்றால் சிவன் பக்கம். வம்பே வேண்டாம் என்று இங்கிலீஷுக்குப் போனார்கள். எலி வளையானாலும் தனி வளை என்று அந்த மேட்டில் உட்கார்ந்துகொண்டார்கள்.

தோத்தாத்ரி பக்கத்து மனிதர்கள், பிள்ளை உமேஷ் பிறந்ததும் கோபத்தை மடித்து வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். திருவண்ணாமலையிலிருந்து மட்டும் காக்காய்கூட வரவில்லை. அபிதாவின் அண்ணா சோணாசலம், அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். கிரகப்பிரவேசத்துக்கு அவள் போட்ட பத்திரிகைக்கும் பதில் இல்லை.

அந்தக் கிரகப்பிரவேசத்தில்தான் அது நடந்தது. எண்பத்தேழாம் வருஷத்துத் தை மாதம். விடியற்காலையில் கோபூஜைக்குப் பசுவும் கன்றும் வேண்டுமே, ஜெயவேலு ஓட்டிக்கொண்டு வந்தான். இருபத்தைந்து வயது. மனை விற்ற காசில் அப்பா வாங்கித் தந்த டெரிகாட்டன் சட்டை போட்டிருந்தான். பூஜை முடிந்ததும் பசு கொண்டுவந்தவனுக்கு மரியாதையாக வெற்றிலை பாக்கு, ஒரு வேஷ்டி, துண்டு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஹோமம் எப்படி நடக்கிறது என்று கூடத்து ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான்.

சாஸ்திரிகளுக்குக் குரோம்பேட்டையில் இன்னொரு விசேஷம் காத்திருந்தது. "பொறந்தாத்து வஸ்திரம் எங்கே? பொண்ணோட சகோதரன் யாரு?" என்று குரல் கொடுத்தார். கூடத்தில் மூச்சுப் பேச்சில்லை. மணையில் உட்கார்ந்திருந்த அபிதா தலையைக் குனிந்துகொண்டாள். புகையில் கண் கரிக்க நிமிர்ந்து பார்த்த சாஸ்திரிகளுக்கு, புதுச் சட்டையும் கையில் வேஷ்டித் தட்டுமாக நின்ற பையன் கண்ணில் பட்டான். "ஏன்டாப்பா அங்கேயே நின்னுண்டிருக்கே? நாழியாறதே!" என்று எட்டிக் கையைப் பிடித்து இழுத்து, மந்திரத்தைச் சொல்லி, அவன் கையிலிருந்த வேஷ்டியைத் தோத்தாத்ரி கையில் கொடுக்க வைத்துவிட்டார். புடவை எங்கே என்று அவர் கேட்பதற்குள், பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி சமயோசிதமாக அலமாரிப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். ஜெயவேலு அதையும் அபிதாவிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். தனக்கு வந்த வேஷ்டியைத் தானே தானம் பண்ணிவிட்டு, வெறுங்கையோடு பசுவை ஓட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான்.

அவன் அம்மா கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லையாம். "கூடப்பொறந்தவன்னு நின்னு குடுத்துட்டல்ல? இனிமே பாதியில வுடக்கூடாது" என்றாளாம். அடுத்த பொங்கலுக்குப் புதுப்பானை, மஞ்சள் கொத்து, கரும்பு, சொந்த வயல் அரிசியோடு வாசலில் வந்து நின்றான். "அம்மா குடுத்தாங்கக்கா" என்றான். அந்த வருஷத்திலிருந்து ஒரு பொங்கல் தவறியதில்லை. உமேஷுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டது ஜெயவேலு. அபிதாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தது ஜெயவேலு. வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடியாகி, அவனும் சிமென்ட், கம்பி, மணல் விற்கிற கடை முதலாளியாகி, தலை வெளுத்து, பேரன் எடுத்துவிட்டான். கரும்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

நடந்த தவற்றைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

இந்தக் கார்த்திகையில் தோத்தாத்ரிக்கு எழுபது. அறுபதாம் கல்யாணத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மணையில் உட்காரவேண்டிய வாரத்தில், கூடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்க, இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஹெலிகாப்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எழுபதுக்கான பீமரத சாந்தியையாவது வீட்டிலேயே ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று அபிதா ஒற்றைக்காலில் நின்றாள். கோவிலம்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருக்கும் உமேஷும் மருமகள் சுப்ரஜாவும் ஏற்பாடுகளை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதோடு உமேஷ் நிற்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் எங்கெங்கோ தேடிப் பிடித்து, புனேயில் மகளோடு இருந்த சோணாசலத்தின் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டான்.

ஒரு சாயங்காலம் போனை அம்மாவின் காதில் வைத்தான். அந்தப் பக்கம் ஒரு கிழக்குரல், "அபி" என்றது. அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அபிதா கிரைண்டருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிணற்றடியில் அண்ணா வாளி வாளியாக இறைத்து ஊற்ற அவள் பாவாடையோடு குளித்த தண்ணீரெல்லாம் மேலே கொட்டினதுபோல் இருந்தது.

"நான் வரேன். பொறந்தாத்துச் சீர் நான்தானே செய்யணும்? முறைன்னு ஒண்ணு இருக்கே" என்றார் சோணாசலம்.

"வா அண்ணா, வா" என்றாள் அவள். வேறென்ன சொல்வாள்? நாற்பத்து நாலு வருஷம் எதிர்பார்த்த குரல் அது.

போனை வைத்த பிறகுதான் ஜெயவேலுவின் ஞாபகம் வந்தது. பத்திரிகை அடிக்கும் முன்பே அவன் வந்து, "பட்டு வேஷ்டி காஞ்சிபுரத்துல சொல்லிட்டேங்கா. உங்களுக்கு இன்னா கலரு?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். அரக்கு என்று அவளும் சொல்லியிருந்தாள். இப்போது அவனிடம் என்ன சொல்வது? அண்ணா வருகிறார், நீ தள்ளி நில் என்றா? அண்ணாவிடம் என்ன சொல்வது? உன் இடத்தில் வேறு ஆள் இருக்கிறான் என்றா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். ஆனால் பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டு விஷயம் அடுத்த தெருவுக்குப் போக நாளை வரைக்கும் காத்திராது. சுப்ரஜா ஜெயவேலுவின் மனைவி ஜெயக்கொடியிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல் வந்தான், போனான். பத்திரிகை கொடுக்கத் தன் காரிலேயே இருவரையும் அழைத்துக்கொண்டு போனான். கேட்டிருந்தாலாவது அவள் ஏதாவது சொல்லியிருப்பாள். கேட்காமல் இருந்ததுதான் அவளைப் படுத்தியது.

அஸ்தினாபுரத்தில் தோத்தாத்ரியின் ஒன்றுவிட்ட தம்பி ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்புகிற வழியில், குரோம்பேட்டையில் வண்டிகள் அப்படியே உறைந்து நின்றுவிட்டன. மழை வேறு. அபிதா பின் சீட்டில் பைகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். முன் சீட்டில் ஜெயவேலு ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்தில் தோத்தாத்ரி. கதவைத் திறந்து ஓட வழியில்லாத ஒரு மனிதன் பக்கத்தில் கிடைத்தால் அவர் விடுவாரா?

இத்தனை வருஷத்தில் எஸ் கதையை முழுசாகக் கேட்காத ஒரே ஆள் ஜெயவேலுதான். அவர் ஆரம்பித்தாலே, "லோடு வந்துகினு கீது சார்" என்று நழுவிவிடுவான். அன்றைக்கு லோடும் வரவில்லை, வண்டியும் நகரவில்லை.

"இதைக் கேளு ஜெயவேலு. இங்கிலீஷ்காரனுக்குச் சொந்தமா ஒரு வார்த்தை இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி. ஈலாண்டுங்கற மாதிரி சொல்லுவான். முன்பாதிக்குத் தண்ணிக்கு நடுவுல இருக்கற தரைன்னு அர்த்தம், பின்பாதி நிலம். உங்க களத்துமேடுதான்னு வெச்சுக்கோயேன். அது எழுத எழுதத் தேய்ஞ்சு ஐலண்ட்னு ஆச்சு. அதுல எஸ்ஸே கிடையாது."

"சரி சார்."

"அந்தப் பக்கம் ஐல்னு இன்னொரு வார்த்தை. அதுக்கும் தீவுன்னுதான் அர்த்தம். ஆனா அது வேற குலம், வேற கோத்திரம். பிரெஞ்சுலேர்ந்து வந்தது, அதோட தாத்தா லத்தீன். தாத்தா பேர் இன்சுலா, அதுல எஸ் உண்டு. பேரன் காலத்துல அது தேய்ஞ்சு போச்சு. படிச்சவாளுக்கு லத்தீன் மேல பக்தி ஜாஸ்தியா, அதனால ஐலுக்கு எஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து ஒட்டவெச்சா. அதாவது பரவாயில்லை, தாத்தா சொத்து. அப்புறம் பண்ணினதுதான் அக்கிரமம். ஒரு நானூத்தம்பது வருஷம் இருக்கும். ஐலுக்கும் ஐலண்டுக்கும் ஒரே ஜாடை, ஒரே அர்த்தம், அப்ப ரெண்டும் ஒரே குடும்பமாத்தான் இருக்கணும்னு இவாளா முடிவு பண்ணி, அந்த எஸ்ஸைக் கொண்டுபோய் ஐலண்டுக்கு நடுவுலயும் சொருகிட்டா!"

"சொந்தம்னு நெனச்சுட்டாங்களா?" என்றான் ஜெயவேலு.

"அதேதான்! ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வாயைத் திறந்து ஒரு சத்தமும் போடாது. உப்புக்குச் சப்பாணியா நடுவுல நின்னுண்டிருக்கு."

முன்னால் நின்ற பஸ் கொஞ்சம் நகர்ந்தது. ஜெயவேலு வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அலறியது.

"தப்புன்னு தெரிஞ்சுதா சார், அவங்களுக்கு?"

"தெரியாம என்ன? அகராதி போடறவனுக்கெல்லாம் தெரியும். பழகிப்போச்சுன்னு விட்டு வெச்சுட்டா. நான் விடலையே! ஆத்துக்குப் பேர் வெச்சபோதே அதைத் தூக்கி எறிஞ்சுட்டேன். அசல் எதுவோ அதுதானே நிக்கணும்?"

"கரெக்ட்டுதான் சார்" என்றான் ஜெயவேலு. வைப்பரை வேகமாக ஓடவிட்டு வண்டியை எடுத்தான். பின்சீட்டில் அபிதா, அண்ணாவுக்கு எந்த அறையை ஒழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் தடவை கேட்ட கதையாயிற்றே, காதில் விழுந்தது மனசில் விழவில்லை.

விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் வாசலில் பந்தல் போட வந்தவர்கள், வாழை மரம் எங்கே என்று கேட்டார்கள். வாழை மரம் எப்போதும் ஜெயவேலு வீட்டுத் தோட்டத்திலிருந்துதான் வரும், அவன்தான் கட்டுவான். அன்றைக்கு மரம் வந்தது, கடை ஆட்கள் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஜெயக்கொடி வந்தாள். கையில் பெரிய தாம்பாளம். பட்டு வேஷ்டி, அரக்குப் புடவை, பழம், பூ, மஞ்சள், குங்குமம்.

"எதுக்கு இன்னிக்கே? நாளைக்கு ஜெயவேலு கொண்டுவந்து குடுக்கணுமே" என்றாள் அபிதா.

"அவருக்குச் செங்கல்பட்டுல வேலை கீதாம். வரத்துக்கு ஆவாதாம். சாமிகிட்ட வெச்சுடச் சொன்னாரு." ஜெயக்கொடி அவள் முகத்தைப் பார்க்காமல் தாம்பாளத்தை வைத்தாள்.

"ஜெயக்கொடி, என்னைப் பாரு. என்ன நடந்தது?"

கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தவள், மதகு திறந்ததுபோல் கொட்டிவிட்டாள். "உங்க அண்ணன் வராருன்னு கேட்டப்பகூட அவரு சந்தோசமாத்தான் இருந்தாருக்கா. ரெண்டு பேருமா நின்னு குடுக்கலாம்னாரு. அப்புறம் சார் கார்ல இன்னாவோ சொன்னாராமே? சொந்தமே இல்லாத எழுத்த சொந்தம்னு நெனச்சு உள்ள வுட்டுட்டாங்களாம், சார் அத்தத் தூக்கிப் போட்டுட்டாராம், அசலுதான் நிக்கணுமாம். 'சார் படிச்சவரு, நேரா சொன்னா எனக்குக் கஷ்டமாயிருக்கும்னு கதையா சொல்லிட்டாரு, நமக்கும் புரியணுமில்ல' அப்படின்னாரு. ரெண்டு நாளா சரியா சோறு துன்னல. வெளிய சொல்லாதன்னாரு. எனக்கு மனசு கேக்கலக்கா."

அபிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு நுணல் கத்தியதில் வேறொரு ஜீவன் அல்லவா அடிபட்டுவிட்டது!

தோத்தாத்ரி ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் பேப்பரைப் பிடுங்கிக் கீழே போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"பெருமாளே! நான் எஸ்ஸைப் பத்தின்னா சொன்னேன்? அவனைப் போய் நான்... அபிதா, சத்தியமா எனக்குத் தோணவே இல்லை."

"நீங்க சொல்லும்போது நானும்தான் பின்னாடி உக்காந்திருந்தேன். எனக்கும் தோணலை. அதை நினைச்சாத்தான் வயிறெரியறது."

அவர் எழுந்து இங்குமங்கும் நடந்தார். "இப்பவே ஆளைக் கூப்பிட்டு அந்தப் பலகையில எஸ்ஸைச் செதுக்கச் சொல்லிடறேன். அவன் பாக்கட்டும்."

"எழுத்தைச் சேர்த்து என்ன ஆகணும்? ஆளைச் சேருங்கோ!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் போய் மன்னிப்புக் கேக்கறேன்" என்று செருப்பைத் தேடினார்.

"வேண்டாம். நீங்க போனா அவன் பதறிப்போய் உங்க கால்ல விழுவான். சரின்னு தலையாட்டிட்டு மறுபடி செங்கல்பட்டுக்குப் போயிடுவான். நான் போறேன்."

மத்தியானம் உமேஷ் விமான நிலையத்திலிருந்து சோணாசலத்தை அழைத்து வந்தான். கூன் விழுந்து, காது மந்தமாகி, பெட்டியைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத ஒரு கிழவர் வாசலில் இறங்கினார். அபிதா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அழைத்துப் போனாள். அவருக்குச் சாதம் போட்டாள். "சாத்தமுது விடட்டுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணா சிரித்தார். "ரசத்துக்கே பேர் மாத்திட்டாளா உனக்கு?" என்றார். அந்தச் சிரிப்பில் பழைய அண்ணா கொஞ்சம் தெரிந்தார். சாப்பிட்டு முடித்ததும், மறைக்காமல் ஜெயவேலுவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். பசு, வேஷ்டி, பொங்கல், கார். சோணாசலம் காதுக்குக் கையைக் குவித்துக் கேட்டுக்கொண்டார். களைப்பாக இருக்கிறது என்று படுத்துக்கொண்டார். அண்ணாவுக்குக் கோபமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இருந்தாலும் கிளம்பினாள்.

கடையில் ஜெயவேலு சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். செங்கல்பட்டுக்குப் போனவன் இங்கே எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவளைப் பார்த்ததும் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"இன்னாக்கா, இம்மாந்தூரம் நடந்தா வந்தீங்க? போன் பண்ணா வந்திருப்பனே."

"வந்திருப்பியா?"

அவன் மேஜையிலிருந்த ரசீதுகளை அடுக்க ஆரம்பித்தான்.

"உங்க சார் சொன்னது வெறும் எழுத்தைப் பத்தி, ஜெயவேலு. அவருக்கு அதைத் தவிர வேற கதை தெரியாது. உனக்குத் தெரியாதா அவரை?"

"தெரியும்க்கா. சார் மனசுல ஒண்ணும் கெடையாதுன்னு அப்புறமா புரிஞ்சுது." அவன் கல்லாப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். "ஆனா அவரு சொன்னது நெசந்தானே? அன்னிக்கு ஐயரு பொகையில தெரியாம இழுத்துட்டாரு. நானும் நின்னுட்டேன். இப்ப உங்க சொந்த அண்ணன் வந்துட்டாரு. அவரு நிக்கற எடத்துல நான் இன்னான்னு வந்து நிக்கறது? சொந்தக்காரங்க நாலு பேரு 'யாரு இவரு'ன்னு கேட்டா நீங்க இன்னா சொல்வீங்க? உங்களுக்குத்தான் பேஜாரு."

அபிதா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு அவர் உன்னைத் தப்பா இழுத்தார்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா. பொண்ணோட சகோதரன்னுதானே கேட்டாரு. எனக்குக் காது நல்லா கேட்டுச்சு."

"அப்ப ஏன் நின்னே?"

"உங்க மொகத்தப் பாத்தேன்" என்றான் ஜெயவேலு.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் பொறுத்துப் பேசினாள். "தப்புன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மணையில என் பக்கத்துல உக்காந்திருந்தவருக்கும் தெரியும். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தோமா? எல்லாருமா தெரிஞ்சு பண்ணினது எப்படிடா தப்பாகும்?"

வெளியே மணல் லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. "லோடு வந்துட்சுக்கா" என்று அவன் எழுந்து போனான். லாரிக்காரனிடம் சம்பந்தமில்லாமல் உரக்கக் கத்திக்கொண்டிருந்தான். அவன் திரும்பி வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், வராததால் வீட்டுக்கு நடந்தாள். வருகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஹோமம் தொடங்கியது. தோத்தாத்ரி மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அபிதாவும் வாசலைத்தான் பார்த்தாள். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஈரத்தோடு எழுந்து நின்றார்கள். இனிப் பிறந்த வீட்டு வஸ்திரம். சோணாசலம் தான் கொண்டுவந்த தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஜெயக்கொடி கொண்டுவந்த தாம்பாளம் சுவாமி அலமாரிக்கு முன்னால் அப்படியே இருந்தது. அண்ணா இத்தனை வருஷம் கழித்துத் தட்டோடு நிற்கிறார், அந்தக் கணத்துக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! இப்போது அதைச் சந்தோஷமாகப் பார்க்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அப்போதுதான் பந்தல்காலுக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், வெள்ளைச் சட்டையோடு ஜெயவேலு நிற்பதை அவள் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் ஜெயக்கொடி. அபிதாவின் பார்வை போன பக்கம் சோணாசலமும் திரும்பினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, கையிலிருந்த தட்டை உமேஷிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு நடந்தார். எல்லாரும் என்னமோ ஏதோ என்று பார்த்தார்கள்.

"நேத்து நீ சொன்ன ஜெயவேலு இவர்தானா, அபி?"

"ஆமாம் அண்ணா."

"அப்பா போனபோது உன்னோட திருவண்ணாமலைக்கு வந்தவரும் இவர்தானே?"

அபிதா தலையசைத்தாள். அந்த நாளைப் பற்றி அவளும் ஜெயவேலுவும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. புருஷனிடம்கூட அவள் முழுசாகச் சொன்னதில்லை.

காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி, கூடம் முழுவதும் கேட்கச் சோணாசலம் பேசினார். "இவளை உள்ளே விடாம நான் கதவைத் தாழ் போட்டுண்டு உக்காந்திருந்தேன். ஜன்னல் இடுக்கு வழியாப் பார்த்தேன். சித்திரை வெயில். இவ நகராம வாசல்லயே நின்னா. இவர் தோள் துண்டை விரிச்சு இவ தலைக்கு மேல பிடிச்சுண்டு நின்னார். கை வலிச்சா மாத்திப் பிடிச்சார், துண்டை மட்டும் இறக்கலை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சொல்லுவா. எனக்கு அன்னிக்கு ஆடலை." அவர் ஜெயவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ. நீங்க குடுங்கோ. உங்களுக்கு அப்புறம் நான் குடுக்கறேன்."

"ஐயோ, வேணாங்க. நீங்க பெரியவரு" என்று ஜெயவேலு பின்வாங்கினான்.

"வயசுலதான்" என்றார் சோணாசலம்.

தோத்தாத்ரி ஈர வேஷ்டியோடு தானே போய்ச் சுவாமி அலமாரிக்கு முன்னாலிருந்து தாம்பாளத்தை எடுத்து வந்து ஜெயவேலுவின் கையில் வைத்தார். ஜெயவேலு வேஷ்டியை அவருக்குக் கொடுத்தான். அரக்குப் புடவையை எடுத்து, தாம்பாளத்தோடு சேர்த்து, இரண்டு கையாலும் அபிதாவிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். திருவண்ணாமலை வாசலில் அன்றைக்கு வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.